பத்துக்கு ஆறு

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த கடைசி ஆள் அவர் மனைவி. அவள் போய் ஐந்து வருஷம் ஆகிறது. மற்ற எல்லோருக்கும் அவர் 'ஸ்டோர்'தான். பஸ் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கை முப்பத்து நாலு வருஷம் கட்டிக் காத்ததில் அப்படி ஆகிவிட்டது. "ஸ்டோர் சாப்பிட்டாச்சா?" "ஸ்டோர் இன்னிக்கு லீவா?" என்றுதான் கேட்பார்கள். கடைசியில் அவரே போனை எடுத்து "ஸ்டோர் பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு அறை பேசுகிற மாதிரிதான் இருக்கும். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

கிடங்குக்குக் கம்பி வலை போட்ட ஜன்னல் ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் மெக்கானிக், இந்தப் பக்கம் இவர். சீட்டு இல்லாமல் மேனேஜரே வந்து நின்றாலும் ஒரு வாஷர் கிடையாது. சீட்டில் மூன்று கட்டம்: யாருக்கு, எந்த வண்டிக்கு, எதற்கு. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் சீட்டை அப்படியே திருப்பித் தள்ளுவார்.

"பிரேக் லைனிங் எதுக்குக் கேப்பாங்க ஸ்டோர்? தலைக்கு வெச்சுத் தூங்கவா?" என்று மெக்கானிக் பல்லைக் கடிப்பான்.

"அதை எழுதிக் குடு. தர்றேன்" என்பார் இவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதையும் தூக்கிப் போட மாட்டார். பாதி தேய்ந்த நட்டு, மூடி இல்லாத டப்பா, எந்தப் பூட்டுக்கென்று தெரியாத சாவி, எல்லாமே ஒரு நாள் உதவும் என்று எடுத்து வைப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடங்கை விட்டுவிட்டு வந்தாரே தவிர பழக்கத்தை விட்டுவிட்டு வரவில்லை. சமையலறை அலமாரியில் வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள். ரப்பர் வளையம், சட்டைப் பொத்தான், மெழுகுவத்தித் துண்டு. ஒவ்வொன்றுக்கும் நூலில் கட்டித் தொங்கும் ஸ்டாக் கார்டு: வந்தது, போனது, எதற்கு, மீதி, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. வந்து கேட்கத்தான் ஆளே இல்லை. அந்தக் கார்டுகளில் கடைசி வரி எழுதி வருஷக்கணக்காகிறது என்பதுதான் பரிதாபம்.

முப்பத்து நாலு வருஷம் சிமென்ட் தரையில் நின்ற முழங்கால் ஒரு நாள் கணக்குத் தீர்த்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மூட்டை மாற்றி வைத்தார்கள். மகன் வந்தான், நாலு நாள் இருந்தான். அந்த நாலு நாளில் முக்கால்வாசி நேரம் வராந்தாவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் வேலை அப்படி. ஐந்தாவது நாள் ரயில் ஏறிவிட்டான். மாதா மாதம் முதல் தேதி அவனிடமிருந்து போன் வரும். ஆபீஸிலிருந்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போது பேசுவான். ஹாரன் சத்தம், காற்று, நடுவில் இரண்டு பேச்சு.

"எப்படிப்பா இருக்கீங்க? கால் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன்டா. வலியே இல்ல."

"சரிப்பா, ரயில் வந்துடுச்சு."

இரண்டு நிமிஷம் ஆகும். சில மாதம் அதுவும் ஆகாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் ஒரு நர்ஸ் போனில் பேசினாள். ஆபரேஷன் ஆனவர்களை வீட்டுக்குப் போன பிறகு விசாரிப்பது அவள் வேலை. கையில் கொடுத்திருந்த முப்பது மாத்திரையைப் பற்றித்தான் முதலில் சொன்னாள்.

"இது சாதாரண வலி மாத்திரை இல்ல சார். அபின் வகை. வலிக்கு நல்லாக் கேக்கும், ஆனா வலி போனப்புறமும் எடுத்தா உடம்பு பழகிடும், தூக்கத்துல மூச்சே கொறைஞ்சுடும். மிஞ்சினதை யாருக்கும் குடுக்காதீங்க. குப்பையில போடாதீங்க. ஒரு நாள் உதவும்னு எடுத்தும் வைக்காதீங்க. இங்க கீழ மருந்து கவுன்ட்டர்ல ஒரு இரும்புப் பெட்டி இருக்கு. அதுல போட்டுடணும்."

"சரிங்க சிஸ்டர்" என்றார். முதல் இரண்டும் மனதில் பதிந்தன. மூன்றாவது அந்தக் காதில் நுழைந்து இந்தக் காதில் போய்விட்டது. ஒரு நாள் உதவும் என்று எடுத்து வைக்காதே என்று அவரிடம் சொன்னால் வேறு என்ன நடக்கும்?

ஞாயிறு தவிர தினமும் காலை பதினொரு மணிக்கு அவள் கூப்பிட்டாள். முதலில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். பிறகுதான் குரல். உட்கார்ந்து பேசுகிறாள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். இவரிடம் யாரும் உட்கார்ந்து பேசி எத்தனை நாளாயிற்று! சாப்பாடு, தூக்கம், நடை எல்லாம் விசாரிப்பாள். கடைசியில் ஒரே கேள்வி.

"வலி பத்துக்கு எத்தனை சார்?"

முதல் வாரம் எட்டு என்றார், ஏழு என்றார். எல்லாம் நிஜம். மாத்திரை போட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். இரண்டாவது வாரக் கடைசியில் கால் அவர் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. பத்தொன்பது மாத்திரை போயிருந்தது, பதினொன்று மீதி. ஒரு சனிக்கிழமை "மூணு" என்றார்.

"ரொம்ப நல்லது சார். ரெண்டுக்குக் கீழ வந்துட்டா ஃபைலை மூடிடலாம். அப்புறம் என் தொந்தரவு இருக்காது" என்று சிரித்தாள்.

அவள் போனை வைத்த பிறகும் இவர் காதிலேயே வைத்திருந்தார். தொந்தரவாம். அவர் வீட்டில் ஒரு நாளைக்குக் கேட்கும் மனுஷக் குரலே அது ஒன்றுதான். தண்ணீர் கேன் போடுகிறவன்கூட மணியை அடித்துவிட்டுப் போய்விடுகிறான்.

திங்கட்கிழமை நாற்காலி இழுபட்டது. "பத்துக்கு எத்தனை சார்?"

"ஆறு" என்றார்.

வாயிலிருந்து அப்படி வந்து விழுந்தது. பிறகு அதைத் திரும்ப எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அவள் பதறிப்போனாள். அன்று ஐந்து நிமிஷம் கூடுதலாகப் பேசினாள். டாக்டரிடம் சொல்லி இன்னும் பத்து மாத்திரை வீட்டுக்கே அனுப்பி வைத்தாள். அடுத்த வாரமும் ஆறு, இன்னும் ஒரு பத்து மாத்திரை. இது தீர்ந்ததும் சொல்லுங்கள், மறுபடி அனுப்புகிறேன் என்றாள். வலியில்லாத மனுஷர் வீட்டில் வலி மாத்திரை குவிந்தது. அவர் என்ன செய்வார், பாவம்? ரப்பர் வளையத்தை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டு, அந்த பாட்டிலில் மாத்திரைப் பட்டைகளைப் போட்டு, கார்டு கட்டித் தொங்கவிட்டார். வந்தது ஐம்பது. போனது பத்தொன்பது. எதற்கு: வலி. மீதி முப்பத்தொன்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மகனிடம் வலியே இல்லை என்று சொன்ன அன்று வலி உயிர் போனது. நர்ஸிடம் ஆறு என்று சொன்ன அன்று வலியே இல்லை. இதை நினைத்து அவருக்கே ஒரு தடவை சிரிப்பு வந்தது. சிரித்ததைக் கேட்கவும் ஆள் இல்லாததால் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதான் கழுத்தை அறுத்தது. அன்று போன் கிடையாது. காலை ஆறு மணிக்கு எழுந்தால் எட்டுக்குள் எல்லா வேலையும் முடிந்துவிடும். மீதி நாள் முழுக்க அவர் முன்னால் கிடக்கும். எதிர் வீட்டு மாடியில் துணி காய்வதைப் பார்ப்பார். துணியை எடுத்துப்போனால் கொடியைப் பார்ப்பார். அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம் அலமாரிப் பக்கம் போனவர் பாட்டிலைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கால் வலிக்கவில்லை. அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

அரை மணி நேரத்தில் உடம்பு இதமாகத் தளர்ந்தது. பக்கத்து அறையில் யாரோ இருக்கிற மாதிரி இருந்தது. அவர்கள் பேசவில்லை, இந்தப் பக்கம் வரவில்லை, இருக்கிறார்கள், அவ்வளவுதான். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. சாயங்காலம் வரை அப்படியே சாய்ந்து கிடந்தார்.

எழுந்ததும் கார்டை எடுத்தார். போனது: ஒன்று. எதற்கு என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. வலி என்று எழுத முடியாது, பொய்க் கணக்கு ஆகிவிடும். காலியாக விடவும் கூடாது. காலிக் கட்டத்தை ஊரில் ஒருவனுக்கும் அனுமதித்ததில்லை. யோசித்து யோசித்து, கடைசியில் 'ஞாயிறு' என்று எழுதினார்.

அடுத்த வாரமும் ஞாயிறு என்று ஒரு வரி விழுந்தது. அதன் பிறகு ஒரு புதன்கிழமை விடாமல் கொட்டியது, 'மழை' என்று எழுதினார். அதற்கடுத்த சனிக்கிழமை நர்ஸ், "திங்கக்கிழமை எனக்கு லீவு சார். செவ்வாய்க்கிழமை பேசறேன்" என்றாள். ஞாயிறு ஒன்று போயிற்று. திங்கள் ஒன்று போயிற்று. செவ்வாய் காலை ஒன்பது மணிக்குப் பாலை அடுப்பில் வைத்தார். பதினொரு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தை எப்படித் தள்ளுவது என்றே தெரியவில்லை. ஒன்று போட்டால் முன்போல் கேட்கவில்லை என்று இரண்டு போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

கண் விழித்தபோது வீடெல்லாம் புகை. பால் சுண்டி, தீய்ந்து, பாத்திரத்தின் அடி கறுத்துச் சிவந்திருந்தது. தட்டுத் தடுமாறி அடுப்பை அணைத்தார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சை இழுத்து இழுத்து விட்டார். பிறகுதான் மணியைப் பார்த்தார். ஒன்றரை. போனைப் பார்த்தார். எடுக்காத அழைப்பு ஆறு. ஆறும் அவளுடையது.

எந்தக் குரலுக்காக நாலு வாரமாக வாய் கூசாமல் பொய் சொன்னாரோ, அந்தக் குரல் ஆறு தடவை வந்து கூப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. இவர் அங்கேயே, ஒரு கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கிடந்தார். அவருக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, அழுதுவிட்டார்.

மறுநாள் அவள் குரலில் கோபம் இருந்தது. "எங்க சார் போனீங்க? வீட்டுக்கு ஆள் அனுப்பலாம்னே இருந்தேன்."

"குளிச்சிட்டு இருந்தேன் சிஸ்டர்."

"ரெண்டரை மணி நேரமா? சரி. ஆறு கொறையவே மாட்டேங்குதே, என்னமோ தப்பா இருக்குன்னு டாக்டர் சந்தேகப்படறார். மறுபடி திறந்து பாக்கணுமோன்னு யோசிக்கிறார்."

நல்லவேளை, அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

போனை வைத்துவிட்டு அலமாரிக்குப் போய்க் கார்டை எடுத்துப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை வரியை இன்னும் எழுதவில்லை. எழுதினார்: போனது இரண்டு, எதற்கு: செவ்வாய். மீதி இருபத்து நாலு. வரிகளை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். ஞாயிறு, ஞாயிறு, மழை, ஞாயிறு, திங்கள், செவ்வாய். கேட்டவரும் அவரே, கொடுத்தவரும் அவரே. கிடங்கில் இதற்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு. முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு வாஷர்கூடச் சட்டைப்பையில் போடாத மனுஷன், கடைசியில் தன் அலமாரியிலேயே கை வைத்திருக்கிறார். அவருக்கு உடம்பு கூசியது.

வியாழக்கிழமை பாட்டிலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். எத்தனை மீதி என்று கேட்பார்கள். இவ்வளவு எப்படி மிஞ்சியது என்பார்கள். வலி இல்லாமலா வாங்கினீர்கள் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயார் செய்து, ஒவ்வொன்றையும் அடுத்த நிறுத்தத்தில் மாற்றினார்.

மருந்து கவுன்ட்டர் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி, மேலே ஒரு வாய். கவுன்ட்டரில் ஒரு சின்னப் பெண் பட்டை பட்டையாக எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மிஞ்சின மாத்திரை கொண்டாந்திருக்கேன்" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"பெட்டியில போட்டுடுங்க சார்."

"பேரு?"

"வேணாம்."

"எத்தனைன்னு எண்ண வேணாமா?"

"வேணாம் சார். போட்டுட்டுப் போய்ட்டே இருக்கலாம்."

"ரசீது?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கெல்லாம் யாரும் ரசீது கேட்டதில்ல சார்."

அவர் அங்கேயே நின்றார். யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. இவ்வளவு சுலபமா இது? போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். நாளைக்குப் பதினொரு மணிக்கு மறுபடி ஆறு என்று சொல்லலாம். நாற்காலி இழுபடும், குரல் வரும். கூடவே இன்னும் பத்து மாத்திரையும் வரும். பாட்டில் நிறையும். அதன் பிறகு வரப்போகிற ஞாயிறுகள் வரிசையாக அவர் கண் முன்னால் வந்து நின்றன.

பட்டைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியின் வாயில் தள்ளினார். உள்ளே போய் விழும் சத்தம் கேட்டது. பாட்டில் காலியானது. கையில் கார்டு மட்டும் நின்றது. போனது இருபத்து நாலு என்று எழுதியாயிற்று, பெற்றுக்கொண்டவர் கட்டம் காலி. கையெழுத்து வாங்காமல் சரக்கைக் கொடுத்தது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. அவருக்குக் கால் நகரவில்லை.

"இதுல யாராவது ஒரு கையெழுத்துப் போட்டா தேவலாம்" என்றார்.

"நான் போடக் கூடாது சார். மாடியில போன் சிஸ்டர் இருப்பாங்க, கேட்டுப் பாருங்க."

நேரில் போய் நிற்பதா என்று தயங்கினார். ஆனால் ஒரு காலிக் கட்டத்தோடு வீட்டுக்குப் போவதும் அவரால் ஆகாது.

மாடியில் நீளமான அறை. வரிசையாக மேஜை, போன். கடைசி மேஜையில் ஒருத்தி நாற்காலியை இழுத்தாள். அந்தச் சத்தம் போதும். அவர் நினைத்து வைத்திருந்ததைவிட வயதானவள், நரை ஓடியிருந்தது, கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தாள். எதிரே போய் நின்றார்.

"ஸ்டோர் வந்திருக்கேன் சிஸ்டர்."

அவள் நிமிர்ந்தாள். முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், அவர் பின்னாலிருந்த படிக்கட்டைப் பார்த்தாள். "லிஃப்ட் இன்னிக்கு ஓடலியே சார். ஏறியா வந்தீங்க?"

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. இருபது படி, கைப்பிடியைத் தொடாமல் ஏறியிருக்கிறார். அசடு வழியக் கார்டை நீட்டினார்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தாள். ஒரு போன் அடித்து ஓய்ந்தது, எடுக்கவில்லை.

"ஞாயிறுன்னா?"

"ஞாயிறுதான் சிஸ்டர். வேற என்ன எழுதறதுன்னு தெரியல."

திட்டுவாள் என்று பார்த்தார். திட்டவில்லை.

"செவ்வாய்க்கிழமை ரெண்டு. அன்னிக்குத்தானே நான் ஆறு தடவை அடிச்சேன்?"

"ஆமா."

"நாலு போட்டிருந்தா இன்னிக்கு இந்தப் படி ஏறியிருக்க மாட்டீங்க" என்று மெதுவாகச் சொன்னாள். "நிஜமாச் சொல்லுங்க. பத்துக்கு எத்தனை?"

"காலுக்கு ஒண்ணு. படி ஏறினதுல இப்ப ரெண்டு."

ஃபைலில் எழுதினாள். "அப்ப மூடணும் சார்."

"தெரியும்."

"ஒரு நாளைக்கு எனக்கு நாப்பது பேர். இல்லேன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "மாத்திரையை நிறுத்தினதுல உடம்பு எதாவது படுத்துச்சுன்னா நேரா வந்துடுங்க. அதுக்கு ஃபைல் வேண்டாம். வீட்ல வேற யார் இருக்கா?"

"மகன். வெளியூர்ல."

"அவர்கிட்ட எத்தனைன்னு சொல்லியிருக்கீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பேனாவை எடுத்து, பெற்றுக்கொண்டவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தாள். கிடங்கில்கூட யாரும் இவ்வளவு தெளிவாகப் போட்டதில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவர் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அடிக்காது என்று தெரியும். தெரிந்தும் பதினொன்றே கால் வரை உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமையும் அப்படியே ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கால் தானாக அலமாரிப் பக்கம் போனது. பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்தபடி இருந்தது. கையில் எடுத்து, உள்ளே பார்த்து, மறுபடி கவிழ்த்து வைத்தார். இவ்வளவு பயமாக இருந்ததில்லை அவருக்கு, ஆபரேஷன் மேஜையில்கூட.

போனை எடுத்து மகன் நம்பரை அழுத்தினார். முதல் தேதிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான். "அப்பா? என்னப்பா ஆச்சு? விழுந்துட்டீங்களா?" பின்னால் தெருச் சத்தம், ஹாரன்.

"ஒண்ணும் ஆகல. நடந்துட்டு இருக்கியா?"

"ஆமாப்பா. கடைக்குப் போய்ட்டு இப்பத்தான் வீட்டுக்குள்ள நுழையறேன். சொல்லுங்க."

"பத்துக்கு எத்தனைன்னு கேளு."

"என்னது?"

"கேளேன்டா. வலி, பத்துக்கு எத்தனைன்னு கேளு."

கதவு சாத்தப்பட்டது. தெருச் சத்தம் நின்றது. "சரிப்பா. பத்துக்கு எத்தனை?"

"எட்டு" என்றார்.

"முழங்காலாப்பா? எப்பவும் வலியே இல்லம்பீங்களே!"

"முழங்கால் நல்லா இருக்கு. முழங்கால் இல்லடா."

ரயில் வந்துவிட்டது என்று சொல்ல அங்கே ரயில் இல்லை. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கப்பா" என்றான் மகன்.